சோலையின் பரப்பு ஆறு (3)

போன செமஸ்டர் ஒரு சாயங்காலம், கேன்டீனில் டீக்குக் காத்திருந்த நேரத்தில், ஒரு பழைய லேப் ஷீட்டின் பின்பக்கம் ஒரே ஒரு வரி எழுதி மேஜையில் வைத்தேன்.

சோலையின் பரப்பு ஆறு (3)

சிவில்காரன் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஆறு என்ன? ஏக்கரா, ஹெக்டேரா? யூனிட் இல்லாம எழுதினா மார்க்கை வெட்டுவாங்க மச்சி" என்றான். பக்கத்தில் இருந்த ஈசிஈ தோழி இன்னும் ஒரு படி மேலே போய், "அடைப்புக்குள்ள மூணு இருக்கே, அது நீளமா? அப்போ அகலம் ரெண்டு" என்று கணக்கையே முடித்துவிட்டாள். டீ வந்து, ஆறி, குடித்தும் ஆச்சு. யாருக்கும் வரவில்லை.

"விடை காவிரி" என்றேன்.

"ஓ" என்றார்கள். அவ்வளவுதான். ஒருத்தன் போனை எடுத்து ஸ்க்ரோல் பண்ண ஆரம்பித்துவிட்டான்.

அப்புறம் விளக்கினேன். சோலைக்கு இன்னொரு பெயர் கா. 'பரப்பு' என்பது இங்கே பரப்பளவு இல்லை. "பாயைப் பரப்பு" என்று சொல்கிறோமே, அந்த ஏவல், அதாவது விரி. கா, விரி சேர்ந்தால் காவிரி. கடைசியில் நிற்கும் 'ஆறு' எண் இல்லை, நாம் தினமும் பாலத்தில் கடக்கிற ஆறு. அடைப்புக்குள் இருக்கும் மூன்று, விடையில் எத்தனை எழுத்து என்று சொல்கிறது: கா, வி, ரி.

இரண்டு விநாடி அமைதி. பிறகு சிவில்காரன் "டேய்ய்ய்" என்று இழுத்தான் பாருங்கள், அந்த 'டேய்'க்காகத்தான் இந்தக் கட்டுரை. விடைக்குக் கிடைத்தது ஒரு 'ஓ'. விளக்கத்துக்குக் கிடைத்தது ஒரு 'டேய்'. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தூரத்தைத்தான் நாம் கல்லூரியில் தினமும் தவற விடுகிறோம் என்பது என் கருத்து.

முதலில், இந்த விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு. இதன் பெயர் கிரிப்டிக் குறுக்கெழுத்து. சாதாரணக் குறுக்கெழுத்தில் "தென்னிந்தியாவில் ஓடும் நதி (3)" என்று கேட்பார்கள். காவிரியா, பாலாறா, பவானியா என்று ஊகித்து, மற்ற கட்டங்கள் நிரம்பும் வரை காத்திருக்க வேண்டும். கிரிப்டிக்கில் ஒரே குறிப்புக்குள் இரண்டு வழி இருக்கும். ஒன்று, விடையின் நேர்ப் பொருள். இது பெரும்பாலும் குறிப்பின் தொடக்கத்திலோ முடிவிலோ இருக்கும். மற்றொன்று, அந்தச் சொல்லை எழுத்து எழுத்தாகக் கட்டுவதற்கான செய்முறை. இரண்டு வழியிலும் நடந்து ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தால் விடை சரி. யாரிடமும் கேட்க வேண்டாம், விடைத்தாளைப் புரட்ட வேண்டாம். ஒரே அளவை இரண்டு கருவியில் எடுத்து ஒத்துப் பார்க்கிற மாதிரி. நமக்குப் பழகிய வேலைதான்.

குறிப்பை மேலோட்டமாகப் படித்தால் வருகிற அர்த்தம் வெறும் வேஷம். தோப்பு, ஏரியா, ஆறு ஏக்கர் எல்லாம் உங்களைத் திசை திருப்புவதற்கு. ஆனால் வேஷத்துக்கும் ஒரு தர்மம் உண்டு. புதிர் அமைப்பவர் உங்களை ஏமாற்றலாம், பொய் சொல்லக் கூடாது. ஒவ்வொரு சொல்லுக்கும் அங்கே ஒரு வேலை இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் 'நியூயார்க் வேர்ல்டு' நாளிதழில் 1913 டிசம்பர் 21 அன்று ஆர்தர் வின் என்பவர் முதல் குறுக்கெழுத்தை வெளியிட்டார். அது நேரடிக் கேள்விகள் கொண்டது. இங்கிலாந்துக்குப் போனபின்தான் அது இப்படிக் குறும்பு பிடித்ததாக மாறியது. 'அப்சர்வர்' இதழில் டார்க்மாடா என்ற புனைபெயரில் எழுதிய எட்வர்ட் போவிஸ் மாதர்ஸ் இதற்குப் பெரிய காரணம். அவருக்கு அடுத்து அதே இதழில் வந்த சிமெனிஸ் என்ற மேக்நட், நான் மேலே சொன்ன தர்மத்தை விதிகளாக வகுத்தார். 1942 ஜனவரியில் லண்டன் 'டெய்லி டெலிகிராஃப்' ஒரு போட்டி வைத்தது: ஒரு குறுக்கெழுத்தை 12 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். அதில் கலந்துகொண்ட சிலருக்குப் பிறகு அரசாங்கத்திடமிருந்து கடிதம் வந்தது. ஜெர்மானியரின் சங்கேதச் செய்திகளை உடைத்துக்கொண்டிருந்த பிளெட்ச்லி பார்க்கில் வேலை. நம் ஊருக்கு இது ஆங்கில நாளிதழ்கள் வழியாக வந்தது. 1970-களில் 'தி இந்து'வின் குறுக்கெழுத்தை அமைத்தவர் அட்மிரல் ராம் தாஸ் கட்டாரி, இந்தியக் கடற்படைக்குத் தலைமை ஏற்ற முதல் இந்தியர். போர்க்கப்பல் ஓட்டியவர் ஓய்வுக்காலத்தில் கட்டம் போட்டிருக்கிறார்!

இதெல்லாம் எனக்கு இப்போதுதான் தெரியும். முதலாம் ஆண்டில் தெரிந்தது ஒன்றே ஒன்று: இது நமக்கானது இல்லை.

நான் பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். கல்லூரிப் பேருந்தில் ஒரு சீனியர் அண்ணா தினமும் ஆங்கிலப் பேப்பரை நான்காக மடித்து வைத்துக்கொண்டு கட்டம் நிரப்புவார். சத்திரம் பேருந்து நிலையத்தில் ஏறினால் கல்லூரி வாசலுக்குள் பாதி முடித்துவிடுவார். ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "எப்படிண்ணா வருது?" என்று கேட்டேன். ஒரு குறிப்பைக் காட்டி விடையைச் சொன்னார். "அது எப்படிண்ணா?" என்றேன் மறுபடி. "அதெல்லாம் படிச்சுப் படிச்சு வரணும்டா. சின்ன வயசுலருந்தே வீட்ல பேப்பர் வாங்கியிருக்கணும்" என்று சிரித்தார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அந்தச் சிரிப்போடு ஒரு கதவு சாத்திக்கொண்டது. எங்கள் வீட்டில் தமிழ்ப் பேப்பரே டீக்கடையில்தான் படிப்போம்.

அந்தக் கதவைத் திறந்தவர் ஸ்ரீரங்கத்தில் இருந்தார். இரண்டாம் ஆண்டில் விடுதியை விட்டு, உத்திர வீதிப் பக்கம் நாங்கள் மூன்று பேர் ஒரு மாடி அறை எடுத்தோம். வீட்டுக்காரத் தாத்தா பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலையில் திண்ணையில் உட்கார்ந்து அதே கட்டத்தை நிரப்புவார். ஆனால் ஒரு வித்தியாசம். கட்டத்தில் விடை எழுதியதும், பக்கத்து வெள்ளை ஓரத்தில் பென்சிலால் பொடிப்பொடியாக இன்னும் ஏதோ எழுதுவார். வாடகை கொடுக்கப் போனபோது அது என்ன என்று கேட்டேன்.

"விடையை நாளைக்குப் பேப்பர்காரனே போட்ருவான் தம்பி. ஏன் அந்த விடைன்னு போட மாட்டான். அதை நாமதான் எழுதிக்கணும்" என்றார்.

அன்றைக்கு ஒரு குறிப்பை எடுத்து விளக்கினார். 'ஃப்ளவர்' என்று வந்தால் உடனே பூ என்று ஓடாதே, 'ஃப்ளோ' பண்ணுவதும் ஃப்ளவர்தான், அதாவது ஆறு. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இது ஆங்கிலப் புலமை இல்லையே! ஒரு சொல்லைப் பிடித்து உலுக்கிப் பார்க்கிற வேலைதானே! நான் "இது சிலேடை தாத்தா" என்றேன். "பின்ன? காளமேகம் இந்தக் கோயில் மடைப்பள்ளியில இருந்தவன்தானே" என்று கிழக்கே கை காட்டினார்.

அந்தக் கதை திருச்சிக்காரர்களுக்குத் தெரிந்திருக்கும். காளமேகப் புலவர் 15-ஆம் நூற்றாண்டு. ஸ்ரீரங்கம் கோயில் மடைப்பள்ளியில் வேலை பார்த்த வைணவ இளைஞர் வரதன், திருவானைக்கா கோயிலைச் சேர்ந்த மோகனாங்கி என்ற பெண்ணை விரும்பி, சைவராகி, அகிலாண்டேஸ்வரியின் தாம்பூலம் வாயில் விழுந்து கவியானார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. கதை எப்படியானாலும் பாட்டுகள் இருக்கின்றன. பாம்பும் வாழைப்பழமும் ஒன்று என்று ஒரு பாட்டில் நிரூபித்துவிடுவார். இரண்டிலும் நஞ்சு இருக்கிறதாம். பாம்பில் இருப்பது விஷம். பழத்தில்? நைந்துபோவதை "நஞ்சு போச்சு" என்கிறோமே, அது. 'ஃப்ளவர்' எந்த விதத்தில் இதைவிட உசத்தி?

அதன் பிறகுதான் நூலகத்தில் தண்டியலங்கார உரையைத் தேடி எடுத்தேன். இன்ஜினியரிங் கல்லூரி நூலகத்தில் அது இருந்ததே ஒரு ஆச்சரியம். அணியிலக்கணம் சொல்லும் அந்தப் பழைய நூலைப் புரட்டப் புரட்ட, கிரிப்டிக் குறிப்புகளின் வகைப் பட்டியலைத் தமிழில் படிக்கிற மாதிரியே இருந்தது. சும்மா சொல்லவில்லை, ஒவ்வொன்றுக்கும் நானே ஒரு குறிப்பு கட்டிப் பார்த்தேன்.

செம்மொழிச் சிலேடை: சொல்லைப் பிரிக்காமலே இரண்டு பொருள் தருவது. "மலைக்கோட்டைக்குப் போனால் ஏறு, பரீட்சை வந்தால் செய் (2)". விடை: படி. மலைக்கோட்டையில் அது நானூறுக்கும் மேல் இருக்கிறது. பரீட்சைக்கு முந்தைய ராத்திரியும் ஏறக்குறைய அவ்வளவு பக்கம் இருக்கிறது.

பிரிமொழிச் சிலேடை: சொல்லைப் பிரித்தால் வேறு பொருள் தருவது. பலகை என்பது பல கை ஆவது போல. நம் காவிரிக் குறிப்பு இந்த வகை. பள்ளியில் பொதுமொழி என்று ஒன்று படித்தோமே, நினைவிருக்கிறதா? 'வேங்கை' என்றால் புலி. வேம், கை என்று பிரித்தால் வேகின்ற கை. அதை ஐந்து மார்க்குக்காக மனப்பாடம் செய்து, ஹால் டிக்கெட்டோடு சேர்த்துத் தூக்கிப் போட்டோம்.

கரந்துறைச் செய்யுள்: ஒரு செய்யுளுக்குள் இன்னொரு செய்யுளின் எழுத்துகளை ஒளித்து வைப்பது. "எங்கோ வில்லன் ஒளிந்திருக்கும் ஆலயம் (3)". எங்'கோ வில்'லன் என்று நடுவில் பாருங்கள். கோவில். வைணவர்களுக்குக் 'கோயில்' என்று மொட்டையாகச் சொன்னாலே ஸ்ரீரங்கம்தான். ஆக வில்லன் ஒளிந்திருப்பது எங்கோ இல்லை, என் அறைக்குப் பக்கத்தில்.

எழுத்து வருத்தனம்: எழுத்தைச் சேர்த்துச் சேர்த்துப் புதுச் சொல் உண்டாக்குவது. "கதைக்குள்ளே விடியலின் தொடக்கம், ஒரு பாட்டு (3)". விடியலின் முதல் எழுத்து வி. அதைக் 'கதை'க்குள் நுழைத்தால் கவிதை.

அக்கரச்சுதகம்: இதற்கு நேர்மாறு, எழுத்தை நீக்க நீக்கப் புதுச் சொல் வருவது. "இடையில்லா விடுதி, நம் தலையெழுத்து (2)". விடுதியின் நடு எழுத்து 'டு'வை எடுங்கள். மிச்சம் விதி. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மெஸ் சாப்பாடு சாப்பிட்டவர்களுக்கு இதற்கு விளக்கமே வேண்டாம்.

மாலைமாற்று: முன்னிருந்தும் பின்னிருந்தும் ஒரே மாதிரி வருவது. விகடகவி, தேரு வருதே எல்லாம் நமக்குத் தெரிந்தவை. இதில் பாதியை எடுத்துக்கொண்டால் போதும். "சாவியைத் திருப்பினால் அமெரிக்கக் கதவு திறக்கும் (2)". சாவி என்ற சொல்லைத் திருப்பிப் படியுங்கள். விசா!

எழுத்தைக் குலுக்கிப் போடுவதற்கும் தமிழ் தாராளமாக இடம் கொடுக்கிறது. "நகரம் குழம்பினால் பாவிகள் போகும் இடம் (4)". ந, க, ர, ம் என்ற அதே நான்கு எழுத்து, நரகம்.

உடனே "குறுக்கெழுத்தைக் கண்டுபிடித்ததே தமிழன்தான்" என்று ஸ்டேட்டஸ் போட்டுவிடாதீர்கள். அவை செய்யுள் வகைகள், புதிர்ப் போட்டிகள் இல்லை. கட்டம் போட்டது நியூயார்க், குறும்பு சேர்த்தது இங்கிலாந்து. நான் சொல்வது வேறு. இந்த விளையாட்டுக்கு வேண்டிய மனம் நம் மொழியில் ஏற்கெனவே இருக்கிறது. தொல்காப்பியமே 'பிசி' என்று விடுகதையை ஓர் இலக்கிய வகையாக எண்ணி வைத்திருக்கிறது. விடுகதை போட்ட பாட்டி யாருக்கும் பட்டம் தேவைப்படவில்லை. தமிழில் கிரிப்டிக் குறுக்கெழுத்தும் ஏற்கெனவே வந்திருக்கிறது. கலிஃபோர்னியாவில் இருந்து வெளிவரும் 'தென்றல்' மாத இதழில் வாஞ்சிநாதன் அமைத்த புதிர்களைத் தேடிப் பாருங்கள். நான் முதல் புதிரை முடிக்க மூன்று நாள் ஆனது.

தமிழில் கட்டம் அமைப்பது கஷ்டம் என்பதும் உண்மை. ஆங்கிலத்தில் 26 எழுத்து. நமக்கு உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம் எல்லாம் சேர்த்து 247. இரண்டு சொல் குறுக்கிடும் கட்டத்தில் க இருந்தால் க-வே வேண்டும். கா வந்தாலும் ஒத்துக்கொள்ளாது. திருச்சிராப்பள்ளி ஆங்கிலத்தில் 15 எழுத்து, 15-க்கு 15 கட்டத்தில் ஒரு வரிசையை முழுதாக நிரப்பிவிடும். தமிழில் எண்ணினால் ஒன்பதுதான். ஸ்ரீரங்கம் எத்தனை என்று எங்கள் அறையில் ஒரு ராத்திரி முழுக்கச் சண்டை. 'ஸ்ரீ' ஒரு எழுத்தா இரண்டா? கடைசியில் திருவரங்கம், ஏழு, என்று எழுதிவிட்டுப் படுத்தோம்.

கம்ப்யூட்டரைக் கேட்கலாமே என்று நினைத்தேன். பைத்தானில் சாவியைத் திருப்பச் சொன்னால் விசா வரவில்லை. துணைக்குறிகள் இடம் மாறி, புள்ளி வட்டத்தோடு ஏதோ ஒன்று வந்து விழுந்தது. யூனிகோடில் 'சா' என்பது ச ஒன்று, துணைக்கால் ஒன்று என்று இரண்டு குறியீடு. அந்தக் கணக்கில் காவிரியின் நீளத்தைக் கேட்டால் பைத்தான் ஆறு என்கிறது! சிவில்காரனிடம் காட்டினேன். "நான்தான் அன்னிக்கே சொன்னேனே" என்றான். உயிர்மெய்யை ஒரே எழுத்தாக எண்ணுகிற நிரலை எழுதி முடித்த வாரத்தில், ஸ்ட்ரிங் பற்றி ஒரு செமஸ்டர் முழுக்கக் கற்றதைவிட அதிகம் கற்றேன்.

இப்போது என் வாதத்துக்கு வருகிறேன்.

"விளக்கினால் சுவாரசியம் போய்விடும்" என்று சொல்பவர்கள் நிறைய. ஜோக்கை விளக்கினால் ஜோக் செத்துவிடும் என்பது சரிதான். ஆனால் புதிர் ஜோக் இல்லை. விடை தெரியாதவனுக்கு அது விளக்கத்தில்தான் உயிர் பெறுகிறது. கேன்டீனில் வந்த 'டேய்' அதற்கு சாட்சி. ஜோக் கேட்டவன் அடுத்த ஜோக்குக்குக் காத்திருப்பான். விளக்கம் கேட்டவன் அடுத்த குறிப்பைத் தானே பிரிக்க ஆரம்பிப்பான். அன்று டீக்கடன் தீர்ப்பதற்குள் ஈசிஈ தோழி 'படி'யைக் கண்டுபிடித்துவிட்டாள்.

ஸ்ரீரங்கத்திலேயே இதற்கு ஒரு பழைய சாட்சி உண்டு. 13-ஆம் நூற்றாண்டில் நம்பிள்ளை என்ற ஆசாரியர் இங்கே திருவாய்மொழிக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். பகலில் அவர் சொன்னதைக் கேட்டு, வடக்குத் திருவீதிப் பிள்ளை எழுதி வைத்ததுதான் 'ஈடு முப்பத்தாறாயிரப்படி'. அவருடைய இன்னொரு மாணவர் பெரியவாச்சான் பிள்ளை நாலாயிரத்துக்கும் உரை எழுதினார். ஈட்டின் பெயரில் இருக்கும் 'படி' மாடிப்படி இல்லை, புத்தகம் படிக்கிற படியும் இல்லை. 32 எழுத்து கொண்ட ஓர் அளவு. ஆயிரம் பாட்டுக்கு முப்பத்தாறாயிரம் படி விளக்கம்! விளக்கினால் பாட்டு செத்துவிடும் என்று அந்த ஊரில் யாரும் நினைக்கவில்லை. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் உள்ள ஒரே தீவில், ஒளித்து வைத்த காளமேகத்தின் கதையும் இருக்கிறது, திறந்து காட்டிய நம்பிள்ளையின் உரையும் இருக்கிறது. நாம் முதலாமவரைக் கொண்டாடி, இரண்டாமவர் செய்த வேலையை மறந்துவிடுகிறோம்.

நம் கல்லூரி வாழ்க்கையைப் பாருங்கள். முந்தைய ஆண்டுக் கேள்வித்தாளின் விடைகள் பிடிஎஃபாகச் சுற்றுகின்றன. ரெக்கார்டு நோட்டில் ரீடிங் வருகிறது, அது ஏன் அந்த ரீடிங் என்று வைவாவில் கேட்டால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. பிளேஸ்மென்ட் ஆப்டிட்யூட் குழுவில் "ஆன்சர் பி" என்று போட்டால் நாற்பது தம்ஸ்-அப். "எப்படி?" என்று கேட்பவன் லூசு.

ஏஐ வந்த பிறகு இது இன்னும் முற்றிவிட்டது. காவிரிக் குறிப்பை என் போனில் இருந்த ஒரு செயலியிடம் கொடுத்தேன். யோசிக்காமல் "பூங்கா" என்றது. சோலை என்றால் பூங்கா, மூன்று எழுத்து, சரியாக இருக்கிறது என்று விளக்கமும் கொடுத்தது. 'பரப்பு' என்ன ஆனது, 'ஆறு' எங்கே போனது? கேட்டதும் மன்னிப்புக் கேட்டது. அதன் மேல் எனக்குக் கோபம் இல்லை. விளக்கம் கேட்கத் தெரிந்ததால் நான் தப்பித்தேன். குறிப்பில் ஒரு சொல்கூட வேலையில்லாமல் நிற்கக் கூடாது என்ற ஒரே விதி போதும். எந்தத் தப்பு விடையும் அதில் மாட்டிக்கொள்ளும். "விளக்கம்" என்ற பெயரில் வருவதெல்லாம் விளக்கம் இல்லை என்பதையும் அந்த விதிதான் எனக்குக் கற்றுத்தந்தது. அதைப் பழக இதைவிட மலிவான பயிற்சிக்கூடம் எனக்குத் தெரியவில்லை. ஒரு பென்சில், ஒரு பேப்பர் ஓரம்.

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்டால், ஒரு தப்பை ஒத்துக்கொள்ள வேண்டும். மூன்றாம் ஆண்டில் நான் கொஞ்சம் தேறியதும், முதலாம் ஆண்டுத் தங்கை ஒருத்தி பேருந்தில் பக்கத்தில் வந்து, "எப்படிண்ணா வருது?" என்று கேட்டாள். நான் விடையைச் சொன்னேன். "எப்படி?" என்றாள் மறுபடி. "பழகப் பழக வரும்" என்று சிரித்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டேன். அவள் அப்புறம் கேட்கவே இல்லை. காவிரிப் பாலம் தாண்டும்போதுதான் உறைத்தது, அது யாருடைய சிரிப்பு என்று. தெரிந்தவனுக்கு விளக்கம் சொல்லாமல் இருப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. அந்தச் சுகத்தின் விலையை வேறு யாரோ கொடுக்கிறார்கள். பெரும்பாலும் கிராமத்தில் இருந்தும், தமிழ் மீடியத்தில் இருந்தும், வீட்டில் பேப்பர் வாங்காதவர்களும்தான்.

ஆகவே ஆசிரியர் குழுவுக்கு ஒரு கோரிக்கை. நம் மின்னிதழில் மாதம் ஒரு சின்னத் தமிழ்க் குறுக்கெழுத்து போடுவோம். ஏழுக்கு ஏழு கட்டம் போதும். அமைக்க நானும் என் அறை நண்பர்களும் தயார், அந்த நிரலும் தயார். இரண்டே நிபந்தனை. அடுத்த இதழில் விடை மட்டும் போடக் கூடாது. ஒவ்வொரு விடைக்கும் ஒரு வரி விளக்கம் வேண்டும். நாங்கள் எழுதிய குறிப்பில் வேலையில்லாத சொல் நின்றால், அதைப் பிடித்துக் காட்டுபவர் பெயரையும் போட வேண்டும், அது முதலாம் ஆண்டாக இருந்தாலும். பரிசு விடைக்கு இல்லை, நல்ல விளக்கத்துக்கு. பரிசு என்ன என்று பிறகு பேசலாம். டீ என் கணக்கு.

பேருந்துத் தங்கையைப் போன வாரம் பார்த்தேன். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, காவிரிக் குறிப்பை எழுதிக் கொடுத்து, சத்திரத்தில் இருந்து தொடங்கி மெதுவாக விளக்கினேன். பாலத்தின் நடுவில் வந்தபோது அவளுக்குப் புரிந்தது. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஆற்றைக் காட்டினாள். இறங்கும்போது, "அண்ணா, நானும் ஒண்ணு பண்ணியிருக்கேன்" என்று தன் நோட்டின் கடைசிப் பக்கத்தைக் காட்டினாள். அவள் அனுமதியோடு அதை இங்கே தருகிறேன். பரீட்சை நாளன்று பேருந்தைத் தவறவிட்டதாகக் கனவு கண்டு எழுந்த காலையில் வந்ததாம்:

கலைந்த கனவாம்! பயணத்துக்கு உதவும் (4)

விடையை நான் சொல்லப் போவதில்லை. ஆசிரியர் குழு முகவரிக்கு எழுதுங்கள். விடை மட்டும் எழுதி அனுப்பினால் செல்லாது.